பெட்டிக்குள் தவில்

காரைக்காலில் என் பெரியம்மா வீட்டில் ஆனி மாதம் ஒரு நாள் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரையில் ஃபிரிட்ஜ் ஓடவில்லை. மின்விசிறிகள் சுற்றவில்லை. ஜன்னல்களை எல்லாம் சாத்தி, அவற்றின் மேல் ஜமக்காளமும் கம்பளியும் தொங்கவிட்டிருந்தார்கள். கரண்டு போய்விட்டது என்று நினைத்து விடாதீர்கள். கரண்டு ஜாம் ஜாமென்று இருந்தது. பெரியம்மாவின் பேரப்பிள்ளை எல்லா சுவிட்சுகளையும் நிறுத்திவிட்டு, "சித்தி, இரண்டு மணி நேரம் யாரும் பேசக்கூடாது, தும்மக்கூடாது" என்று உத்தரவு போட்டிருந்தான்.

நான் போனது மாங்கனித் திருவிழா பார்க்க. ஆனிப் பௌர்ணமியன்று பிக்ஷாடன மூர்த்தி வீதிவலம் வரும்போது மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழங்களை வாரி இறைப்பார்களே, அதை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டதுண்டு. கண்ணால் கண்டதில்லை. இந்தத் தடவை கண்டேன். ஒரு பழம் முந்தானையில் விழுந்தது, இன்னொன்று தலையில். இரண்டுக்கும் பலன் உண்டு என்று பெரியம்மா சொன்னாள். தலையில் விழுந்ததற்கு என்ன பலன் என்று கேட்டேன், "தைலம் தடவிக்கோ" என்றாள்.

ஆனால் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல வந்தது மாம்பழ சமாசாரம் அல்ல. திருவிழாவுக்கு மறுநாள் அந்தப் புழுக்கமான அறைக்குள் நடந்ததுதான்.

பையன் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக் கொண்டிருக்கிறான். இடைக்காலத்தில் குறும்படங்களுக்குப் பின்னணி இசை போடுகிறான். அதற்கு அவனிடம் இருப்பது ஆர்மோனியமும் அல்ல, வயலினும் அல்ல. பஞ்சாங்கத்தை விரித்து வைத்த அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் தாயக்கட்டம் வரைந்ததுபோல் நாலுக்கு நாலாகப் பதினாறு ரப்பர்க் கட்டங்கள். ஒரு கட்டத்தை விரலால் தட்டினால் மிருதங்கம் ஒலிக்கிறது; இன்னொன்றைத் தட்டினால் கதவு சாத்துகிறது; வேறொன்றைத் தட்டினால் எங்கள் பெரியம்மா "காப்பி ஆறிப் போகுதுடா!" என்கிறாள். பெரியம்மாவுக்கு இதில் கோபம் உண்டு. வேறொருவர் தட்டித் தன்னைப் பேச வைப்பதை எந்தப் பெண்மணிதான் பொறுப்பாள்?

இந்த ஒலித்துண்டுகளுக்கு ஸாம்பிள் என்று பெயர். ஜவுளிக் கடையில் ரவிக்கைத் துணிக்கு ஸாம்பிள் வெட்டிக் கொடுப்பார்களே, அதே வார்த்தைதான். ஒலி என்பது காற்றின் அசைவு. அந்த அசைவை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக எழுதி வைத்துக்கொள்கிறது பெட்டி. இத்தனை தடவை எதற்கு என்றால், மனிதக் காது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரையில் கேட்கும். அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால்தான் ஒலி சிதையாமல் திரும்பி வரும் என்பது கணக்கு. 1982-ல் விற்பனைக்கு வந்த ஸி.டி. தட்டுகளுக்கும் இதே எண்தான்.

முதலில் இந்த வித்தை கோடீசுவரர்களுக்கு மட்டுமே எட்டியது. 1979-ல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் கொண்டுவந்த ஃபேர்லைட் யந்திரம் வாங்க, வீடு வாங்கும் பணம் வேண்டும். அவ்வளவு கொடுத்தாலும் அதில் ஓர் ஒலிக்கு விநாடிக்கணக்கில்தான் இடம். நீட்டி ஒரு பெருமூச்சு விட்டால் அடங்காது. 1988-ல் அமெரிக்கரான ராஜர் லின் வடிவமைத்து ஜப்பானிய அகாய் கம்பெனி வெளியிட்ட எம்.பி.ஸி. 60 என்ற பெட்டிதான் பதினாறு கட்ட வழக்கத்தைப் பிரபலமாக்கியது. அதிலும் மொத்த ஞாபகசக்தி சுமார் 13 விநாடி! பதினாறு கட்டங்களுக்கும் சேர்த்து! அந்தப் பதின்மூன்று விநாடியைச் சிக்கனமாகப் பங்கு போட்டுத்தான் அமெரிக்காவின் கறுப்பினப் பிள்ளைகள் ஒரு புது சங்கீதத்தையே வளர்த்தார்கள். நம் சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு ஒலிப்பதிவுக்கூடம் அமைத்துக்கொண்டது 1989-ல்; "ரோஜா" வந்தது 1992-ல். அப்போதிருந்து தமிழ்ப் பாட்டில் எது வாத்தியம், எது பெட்டி என்று நமக்குத் தெரியாமலே போய்விட்டது. இப்போது பையன் வைத்திருக்கும் பெட்டியில் மணிக்கணக்கில் ஒலியை அடைக்கலாம். ஒரு சாதாரண மொபைல் போன் விலைக்குக்கூடச் சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன.

சரி, ஜன்னலில் கம்பளி தொங்கியது எதற்கு?

தெருக்கோடியில் ஒரு தவில் வித்வான் இருக்கிறார். வயது எழுபத்தைந்துக்கு மேல். கோயில் உற்சவம், கல்யாணம், காதுகுத்து என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் தோளில் தவில் ஏறாத ஊர் கிடையாது. இப்போது தோள் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் வாசிக்கிறார். பையன் ஒரு குறும்படத்துக்குத் தவில் வேண்டுமென்று அவரிடம் போய்க் கேட்டிருக்கிறான். அவர் முழுக் கச்சேரி வாசிக்க இயலாது என்று சொல்ல, "கச்சேரி வேண்டாம் தாத்தா. ஒவ்வொரு அடியாக வாசித்துக் கொடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றானாம். 'மிச்சம்' என்ற அந்த வார்த்தையில்தான் இந்தக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அறை தயாராகாமல் ஒலியைப் பதிவு செய்யக்கூடாது. வெறும் சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும். கம்பளி அதை விழுங்கும். ஃபிரிட்ஜ் ஓடினால் 'ம்' என்று ஒரு ரீங்காரம் அடியில் படியும். நம் காதுக்குப் பழகிப் போனதால் தெரியாது, மைக்குக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் குக்கருக்கு மட்டும் உத்தரவு போட முடியவில்லை. மூன்றாவது விசில் வரும் வரையில் வித்வான் கையைத் தூக்கியபடியே காத்திருந்தார்.

விரல்களில் கூடு மாட்டிக்கொண்டார். துணியும் பசையும் சேர்த்துச் செய்து உலர்த்திய கூடு, கல்லைப்போல் இருக்கிறது. வலது கையில் கூடு போட்ட விரல்கள், இடது கையில் கழி. தா, தீ, தொம், நம் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். அந்தச் சின்ன அறையில் தவில் ஒலிப்பதென்றால் என்னவென்று கேட்காதீர்கள். மாம்பழம் விழுந்த இடம் மறுபடி வலித்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பையன் வெட்ட உட்கார்ந்தான். திரையில் ஒவ்வொரு அடியும் ஒரு மீனைப்போல் தெரிகிறது. தலை பருத்து, உடல் சரிந்து, வால் மெலிந்து போகிறது. காரைக்கால் பெண்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று விளங்கும். தலையில் எவ்வளவு நறுக்குவது, வாலில் எவ்வளவு விடுவது என்பதில்தான் சமர்த்து இருக்கிறது. அடிக்கு முன்னால் வெற்றிடம் இருந்தால் விரல் தட்டிய பிறகு தாமதித்து ஒலிக்கும். ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு தாமதமானாலும் லயம் தெரிந்தவர்களுக்கு உறுத்தும். ஆகையால் தலையை ஒட்ட நறுக்க வேண்டும். வாலைச் சட்டென்று துண்டித்தால் கார்வை செத்துப் போகும். நீள விட்டால் அடுத்த அடியின் மேல் ஏறி இரைச்சலாகும். அதோடு, வெட்டுகிற இடத்தில் அலை நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். அலையின் உச்சியில் வெட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம் ஒட்டிக்கொள்ளும். துணியை நூல் பார்த்துக் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே இழுத்தால் பிசிறும் இல்லையா, அதேதான்.

சாயங்காலம் வித்வான் வந்து கேட்டார். பையன் தட்டத் தட்ட, பெட்டி தவில் வாசித்தது. எனக்கென்னவோ பிரமாதமாக இருந்தது. அவர் தலையை ஆட்டவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"என் தவில்தான், தம்பி. சந்தேகமில்லே. ஆனா கூடு போடாம வாசிச்ச மாதிரி இருக்கு."

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூலப்பதிவைத் திறந்து, அடியின் தலைப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கிழவர் காது பொய் சொல்லவில்லை. தோல் அதிர்வதற்கு ஒரு மயிரிழை முன்னால், கூடு தோலைத் தொட்ட 'டக்' என்ற சின்னஞ்சிறு ஓசை இருந்தது. தாமதம் கூடாது என்ற ஆத்திரத்தில் அதையும் சேர்த்து நறுக்கி எறிந்திருக்கிறான்!

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்ச நேரம் பாரிஸுக்கு அழைத்துப்போக வேண்டும். காரைக்காலிலிருந்து பாரிஸுக்குப் போவது ஒன்றும் அசம்பாவிதமல்ல. 1954 நவம்பர் முதல் தேதி வரையில் இந்த ஊரை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தானே. அவர்கள் ஆட்சி இங்கே நடந்துகொண்டிருந்த 1948-ல், பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் என்ற என்ஜினீயர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். ரயில் எஞ்ஜின் சத்தம், விசில், சக்கர ஓட்டம் இவற்றைப் பதிவுசெய்து, வெட்டி, மாற்றி அடுக்கி, அதையே சங்கீதம் என்று ஒலிபரப்பிவிட்டார். கேட்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் கண்டுபிடித்த ஒரு விஷயம் நம் கதைக்கு வேண்டியது. மணி ஒலியைப் பதிவு செய்து, நாக்கு மணியில் மோதும் அந்த முதல் கணத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கேட்டார். மணி மணியாக ஒலிக்கவில்லை. ஓபோ என்கிற ஊது வாத்தியத்தைப்போல் இருந்ததாம். ஓர் ஒலி யாருடையது என்று காது அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் அதன் பிறப்பில்தான். அந்த இடத்தில் கத்தி வைத்தால் ஆளே மாறிப் போகிறார். பாரிஸில் ஒரு என்ஜினீயர் யந்திரம் வைத்துக் கண்டுபிடித்ததைத் தெருக்கோடிக் கிழவர் வெற்றிலை மென்றுகொண்டே சொல்லிவிட்டார்.

ஷேஃபரிடம் அப்போது டேப் இல்லை, ரிகார்டுத் தட்டுதான். ஒரு சுற்றின் முடிவை அதன் ஆரம்பத்தோடு இணைத்து, முள் அதே இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றும்படி செய்தார். கீறல் விழுந்த ரிகார்டு என்று நாம் பேச்சுக்குப் பேச்சு சொல்கிறோமே, அந்தக் கீறலை வேண்டுமென்றே போட்டவர் அவர். இப்போதைய பெட்டிகளில் அதற்கு 'லூப்' என்று பெயர். உங்கள் வீட்டிலேயே அது இருக்கிறது. பெண் பாட்டுப் பயிலும்போது போனில் தம்பூரா போடுகிறீர்கள் அல்லவா? அதில் பல, நிஜத் தம்பூராவை மீட்டிப் பதிவு செய்து சுற்ற விட்டவை. ப-ஸ-ஸ-ஸ என்று நாலு தந்தியும் ஒரு சுற்று முடிந்து, கடைசி ஷட்ஜத்தின் கார்வை முதல் பஞ்சமத்துக்குள் கரையும் இடத்தில் ஒட்டுப்போட வேண்டும். ஒட்டு சரியாக விழுந்தால் காலமெல்லாம் ஓடும். தப்பினால் சுற்றுக்கு ஒரு விக்கல் எடுக்கும். என் சிநேகிதி ஒருத்தி அப்படிப்பட்ட விக்கல் தம்பூராவோடு ஆறு மாதம் சாதகம் செய்துவிட்டு, இப்போது நிஜத் தம்பூராவில் அந்த விக்கல் வராததால் தவிக்கிறாள்!

மறுநாள் மறுபடியும் ஃபிரிட்ஜ் நின்றது. மறுபடியும் கம்பளி. இந்தத் தடவை வேறொரு சிக்கல். பெட்டியில் ஒரு 'தொம்' மட்டும் இருந்தால், பத்துத் தடவை தட்டினால் பத்தும் அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். காது அதைக் கண்டுபிடித்துவிடும்; தையல் மெஷின் ஓடுவதுபோல் தோன்றும். ஆகையால் ஒரே அடியை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று விதத்திலும், ஒவ்வொரு விதத்திலும் நாலைந்து தடவையும் எடுத்துக்கொள்கிறார்கள். விரல் அழுத்தத்துக்குத் தக்கபடி பெட்டி அதில் ஒன்றைப் பொறுக்கி, அடுத்தடுத்து மாற்றி மாற்றி ஒலிக்கும். நல்ல யோசனைதான். பையன் சொன்னான்:

"தாத்தா, இதே தொம், இதே பலத்தில், எட்டுத் தடவை."

வித்வான் வாசித்தார். முதல் இரண்டும் அடி. மூன்றாவதில் கழி கொஞ்சம் நகர்ந்தது. நாலாவதுக்குள் ஒரு நடை வந்துவிட்டது. எட்டாவது அடியில் தீர்மானம் வைத்து முடித்தார். பையன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஒரே மாதிரி வேணும், தாத்தா."

"ஒரே மாதிரி எட்டு அடி அடிக்கறதுக்கா எங்க அய்யா எனக்குப் பத்து வருஷம் சொல்லிக் கொடுத்தார்?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அடுத்தடுத்து இரண்டு அடி வந்தால் இரண்டாவது முதலாவதுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் கையிலேயே ஊறிப் போயிருக்கிறது. கடைசியில் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் பெரியம்மா அவரோடு ஒரு வார்த்தை பேச்சுக் கொடுத்து, முந்தின அடியை மறக்கடித்து, அப்படித்தான் எட்டு 'தொம்' கிடைத்தது. இந்த உபாயம் எந்த ஸ்டூடியோவிலாவது உண்டா, தெரியாது.

நாகஸ்வரத்தையும் இப்படிப் பதினாறு கட்டத்தில் அடைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன். பையன் சிரித்தான். ஒரு ஸ்வரத்தைப் பதிவு செய்து அதை அரை ஸ்வரம் மேலே ஏற்ற வேண்டுமானால் சுமார் நூற்றுக்கு ஆறு வீதம் வேகத்தைக் கூட்ட வேண்டும். ஒரு ஸ்தாயி ஏற்றினால் இரட்டை வேகம், பாதி நீளம். ராஜரத்தினம் பிள்ளையின் நாயனம் கொசுவின் நாயனமாகிவிடும்! நீளம் குறையாமல் சுருதியை மட்டும் ஏற்றவும் இப்போது வழி உண்டு. ஆனாலும் தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரமா என்ன? அது அசைவு. அதன் நடுவில் எங்கே வெட்டினாலும் கையில் வருவது காந்தாரமாக இராது. ஆகவே நாகஸ்வரக்காரர்கள் இன்னும் கொஞ்ச காலத்துக்கு நிம்மதியாக இருக்கலாம். தவில்காரர்களுக்குத்தான் ஆபத்து அருகில் இருக்கிறது, ஏனென்றால் அடி அடியாகப் பிரிக்க முடிகிற எதுவும் பெட்டிக்குள் போகும்.

ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் பழி போடுவது சுலபம். நான் அந்தக் கட்சியில் முழுதாகச் சேரவில்லை. வெட்டிச் சுருக்குவது பழைய தொழில். பழைய ரிகார்டுத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். மணிக்கணக்கில் தோடி வாசித்த ராஜரத்தினம் பிள்ளையும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் உட்கார்ந்து எழுந்தார். அதுவும் இல்லாவிட்டால் 1956-ல் அவர் காலமான பிறகு பிறந்த நமக்கு அந்தத் தோடி ஏது?

காரைக்காலுக்கே உரிய சாட்சி ஒன்றும் இருக்கிறது. மாங்கனி தந்த அம்மையார் திருவாலங்காட்டைப் பற்றிப் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஒரு பாட்டில், ஸ்வரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களை அடுக்கிவிட்டு, ஒரு டஜன் வாத்தியங்களையும் வரிசையாகச் சொல்கிறார். துத்தம், கைக்கிளை, விளரி என்று ஸ்வரங்கள்; தக்கை, தகுணிதம், துந்துபி, கரடிகை, மொந்தை என்று வாத்தியங்கள். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் அவர் என்பது பல அறிஞர்கள் கணிப்பு. அந்தப் பட்டியலில் குடமுழவும் இருக்கிறது. அந்த வகையைச் சேர்ந்த ஐந்து முகத்துப் பஞ்சமுக வாத்தியத்தை இன்றும் திருவாரூர்த் தியாகராஜர் கோயிலில் காணலாம். காரைக்காலுக்குப் பக்கத்துத் திருநள்ளாறும் திருவாரூரைப் போலவே சப்த விடங்கத் தலங்கள் ஏழில் ஒன்று. அந்த நாதமெல்லாம் இந்தக் காவிரிக் கரைக்குச் சொந்தம். ஆனால் தகுணிதம் எப்படி ஒலித்தது? மொந்தையைக் கையால் தட்டினார்களா, கழியால் அடித்தார்களா? பேர் வந்து சேர்ந்தது, ஓசை வந்து சேரவில்லை. அம்மையார் காலத்தில் யாராவது ஒரு பேரப்பிள்ளை ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு (இருந்திருந்தால்!) ஒரே ஒரு அடியைப் பிடித்து வைத்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

இதையெல்லாம் நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா தலை நிமிராமல் கேட்டாள்:

"அதெல்லாம் சரி. ஏண்டா, அவருக்கு என்ன கொடுத்தே?"

அறையில் சத்தம் போடக்கூடாது என்று பையன் போட்ட உத்தரவு அப்போதுதான் முழுசாக அமலுக்கு வந்தது.

ஒரு வேட்டியும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்திருக்கிறான். மோசமில்லை என்று எனக்கும் முதலில் பட்டது. பெரியம்மா விடவில்லை. "கல்யாணத்துக்கு வாசிச்சா ஒரு நாள் கூலி. நீ பிடிச்சு வெச்சது ஒரு நாளைக்கா? நாளைக்கு நீ இதை இன்னொருத்தனுக்கு வித்தா? அவன் நூறு படத்துக்குப் போட்டா? அந்த நூறு படத்துக்கும் இவர்தானே வாசிக்கறார்?"

பெரியம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அவள் கேட்டது உலகமெங்கும் கோர்ட்டுகளில் கேட்கப்பட்ட கேள்வி. 1991-ல் நியூயார்க்கில் ஒரு ராப் பாடகர் வேறொருவர் பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் ஒரு துண்டை எடுத்து உபயோகித்த வழக்கில், திருடாதே என்ற பைபிள் கட்டளையைச் சொல்லித்தான் நீதிபதி தீர்ப்பையே ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் துண்டு எடுப்பவர்கள் முதலில் அனுமதி வாங்கும் வழக்கம் அங்கே கெட்டிப்பட்டது. நம்மவர்கள் சம்பந்தப்பட்டதும் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர், 2007-ல் வெளியிட்ட "கலா" ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமியைப் பதிவு செய்துகொண்டு போனார். அதே ஆல்பத்தில் "தளபதி" படத்துக்கு இளையராஜா போட்ட ஒரு பாட்டிலிருந்து ஒரு துண்டும் ஒலிக்கிறது. இளையராஜாவின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அந்த உறுமிகளை அடித்த கைகளின் பெயரை அந்தப் பாட்டுக்கு ஆடிய எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஊருக்குத் திரும்பினதும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, தெரிந்துகொண்டதைப் பெரியம்மாவுக்கு எழுதினேன். உங்கள் வீட்டிலும் பாடுகிற பெண்ணோ வாசிக்கிற பிள்ளையோ இருந்தால் உபயோகப்படும். 1957-ம் வருஷத்துக் காப்பிரைட் சட்டத்தில் முதலில் பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ரிகார்டுக் கம்பெனிக்கும்தான் இடம் இருந்தது. பாடுகிறவர், வாசிக்கிறவருக்கென்று தனி உரிமை இல்லை. 1994-ம் வருஷத்துத் திருத்தம் அதைக் கொடுத்தது. அவர் வாசித்ததைப் பதிவு செய்ய அவர் சம்மதம் வேண்டும். இந்த உரிமை இப்போது 50 வருஷம் செல்லும். 2012-ல் இன்னொரு திருத்தம்: வாசித்தவர் இன்னார் என்று தம் பெயரைச் சொல்லும்படி கேட்கவும், வாசித்ததைத் தம் பெயருக்குப் பங்கம் வரும்படி சிதைத்தால் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. உரிமையை மற்றவருக்கு எழுதிக் கொடுப்பதானால் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'எல்லா உரிமையும் என்றென்றைக்கும்' என்று அச்சடித்த காகிதத்தை நீட்டினால், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம்.

பையன் நல்லவன். யாரும் சொல்லித் தராததால் செய்யவில்லையே தவிர, சொன்னதும் உட்கார்ந்து தமிழில் ஒரு பக்கம் எழுதினான். எந்தெந்த அடிகள், எத்தனை வருஷம், விற்றால் என்ன பங்கு, ஒவ்வொரு படத்திலும் தவில் என்ற இடத்துக்கு நேரே யார் பெயர். பெரியம்மாவும் பக்கத்து வீட்டுக் குக்கர்காரரும் சாட்சி. வித்வான் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, சிதைப்பது என்ற இடத்தில் விரலை வைத்து, "கூடு சத்தத்தை வெட்டக்கூடாதுன்னு இதிலே சேர்த்துடு" என்றாராம். சேர்த்திருக்கிறான். அப்படி ஒரு ஷரத்து இந்தியாவிலேயே வேறெந்த ஒப்பந்தத்திலும் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. வித்வானுடைய மகள் திருமலைராயன்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அப்பாவைப் பார்க்க வந்தவள் பையனிடம் அந்தப் பதிவு வேண்டுமென்று கேட்டாளாம். அவனும் உற்சாகமாக, வெட்டிச் சுத்தம் செய்த நூற்றுச் சொச்சம் அடிகளையும் அவள் போனுக்கு அனுப்பினான். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "இது இல்லே தம்பி, மிச்சம் இருக்கே, அது வேணும்" என்றாளாம்.

இருமலும், தண்ணீர் கேட்டதும், கழியைக் கீழே வைத்த சத்தமும், நடுவில் பெரியம்மாவின் பேச்சும், மூன்று குக்கர் விசிலும் அப்படியே இருக்கிற அந்த இரண்டு மணி நேரப் பதிவைப் பையன் நல்லவேளையாக அழித்திருக்கவில்லை. அனுப்பி வைத்தான்.